திரும்பி வந்த ஒருவர்

நம் பங்குகளில் நடைபெறும் விழாக்களில் நன்றியுரை எப்போதும் இறுதி நிகழ்ச்சியாகவே அமைகின்றது. நன்றி கூறுபவர் ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும்போதே மக்கள் கதிரைகளை விட்டு எழுந்துவிடுகின்றனர். நம் செப வாழ்விலும் பெரும்பாலும் இதுவே நிகழ்கின்றது. வேண்டுதல்களுக்கு நீண்ட நேரம் ஒதுக்குகின்றோம். நன்றிக்கு உரிய நேரம் வரும்போது நாம் எழுந்துவிடுகின்றோம்.

லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் தொழுநோயாளர் பதின்மரை நாம் சந்திக்கின்றோம். சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடைப்பட்ட வழியில், தொலைவில் நின்றபடியே அவர்கள் இயேசுவிடம் இரக்கத்தை இரந்து நிற்கின்றனர். குருக்களிடம் சென்று தங்களைக் காட்டுமாறு ஆண்டவர் அவர்களை அனுப்புகின்றார். போகும் வழியில் பதின்மரும் நலமடைகின்றனர். ஆனால் திரும்பி வந்து அவருடைய காலடியில் விழுந்தவர் ஒருவரே. அவரும் யூதர்களால் அந்நியராகக் கருதப்பட்ட ஒரு சமாரியர்.

ஏனைய ஒன்பது பேரையும் தீயவர்கள் என்று நற்செய்தியாளர் கூறவில்லை. பெற்ற நலம் அவர்களிடமிருந்து பறிக்கப்படவும் இல்லை. அவர்கள் குணமடைந்த உடலோடு வீடு சென்றனர். திரும்பி வந்தவரோ, தமது நம்பிக்கை தம்மை மீட்டது என்னும் வார்த்தையையும் ஆண்டவரிடமிருந்து கேட்டுச் சென்றார். கொடையைப் பெற்றவர்கள் பதின்மர். கொடுத்தவரைக் கண்டுகொண்டவர் ஒருவர். உண்மையான மகிழ்ச்சி இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியையே மறையுரையில் விளக்கினேன். திருப்பலி முடிந்ததும் வயது முதிர்ந்த தாயொருவர் என்னிடம் வந்தார். 2009ஆம் ஆண்டு இறுதிப் போரின்போது அவரது ஒரே மகன் காணாமற்போனவர். “சுவாமி, எல்லாத்தையும் இழந்து போட்டு நிக்கிறன். நான் எதுக்கெண்டு நன்றி சொல்லுறது?” என்று அவர் கேட்டார்.

“எல்லாம் நன்மைக்கே அம்மா” என்று கூறினேன். அவர் ஒன்றும் பேசாது என்னைப் பார்த்துவிட்டுச் சென்றார். அந்தப் பார்வை என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. துன்புறும் ஒருவரின் வாயை அடைப்பதற்கு நன்றியை ஒரு கருவியாக நான் பயன்படுத்திவிட்டேன் என்பதை உணர்ந்தேன்.

திருமறை அவ்வாறு செய்வதில்லை. திருப்பாடல்களில் புகழ்ச்சியும் உண்டு, கண்ணீரோடு கூடிய முறையீடும் உண்டு. எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுமாறு தெசலோனிக்க மக்களுக்கு எழுதும் புனித பவுலடியார் (1 தெச 5:18), தீமையை நன்மை என்று பெயர் மாற்றி அழைக்கும்படி கேட்கவில்லை. சிறையிலிருந்து பிலிப்பியருக்கு மடல் வரையும்போதும், அவர் சங்கிலிகளை மறைக்காமலே அம்மக்களுக்காக இறைவனுக்கு நன்றி கூறுகின்றார்.

இதன் உச்சத்தை இறுதி இராவுணவிலே காண்கின்றோம். ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில்தான் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். துரோகமும் சிலுவையும் கண்முன் நின்றன. எனினும் தந்தையின் அன்பு அவற்றால் அழிந்துவிடவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதாகும். ஆகவே நாம் பங்குபெறும் ஒவ்வொரு திருப்பலியும் காயங்களின் நடுவே ஏறெடுக்கப்படும் நன்றியே.

இந்த மனநிலை ஒரே நாளில் வருவதன்று. அது பயிற்சியால் வளர்வது. புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது ஆன்மிகப் பயிற்சிகளில் கற்பிக்கும் ஆன்ம சோதனையின் முதற்படி, பாவங்களை எண்ணுவதன்று. பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவதே. 1542ஆம் ஆண்டு எழுதிய மடலொன்றில் நன்றியின்மையை எல்லாப் பாவங்களுக்கும் தீமைகளுக்கும் தொடக்கமாக அவர் காண்கின்றார்.

இன்றைய உளவியலும் இதனைக் கவனித்துள்ளது. அமெரிக்க உளவியலாளர்களான ரொபர்ட் எமன்ஸ், மைக்கல் மக்கலோ ஆகியோர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நரம்புத்தசை நோயுற்ற ஒரு குழுவினர் 21 நாட்கள் நாள்தோறும் தாம் நன்றியுடன் நினைப்பவற்றை எழுதினர். அவ்வாறு எழுதாதவர்களைவிட அவர்கள் வாழ்வில் அதிக நிறைவையும் நல்ல நித்திரையையும் உணர்ந்தனர். நோய் நீங்கவில்லை, நோயோடு வாழும் உள்ளம் மாறியது.

அன்புக்குரிய குடும்பத்தவர்களே! இன்றிரவு செபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் அன்றைய நாளில் பெற்ற ஒரு நன்மையைச் சொல்லட்டும். ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று பொதுவாகக் கூறாமல், குறிப்பாகக் கூறுங்கள். பாடம் விளங்காத பிள்ளைக்கு மீண்டும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், பேருந்தில் இருக்கை தந்த இளைஞன், விடியுமுன் எழுந்து சமைத்த தாய் என ஆட்களை நினைவுகூருங்கள். மறுநாள் இயலுமானால் அவர்களிடமே நன்றியைச் சொல்லுங்கள். நம் இல்லங்களில் கணவன் மனைவிக்கோ, பிள்ளைகள் பெற்றோருக்கோ நன்றி கூறுவது அரிதாகிவிட்டது. ‘சொந்தத்துக்குள் நன்றி எதற்கு?’ என்கின்றோம். அந்த ஒன்பது பேரும் ஒருவேளை இவ்வாறே எண்ணியிருக்கலாம். மிக நெருங்கியவர்களின் அன்பையே நாம் எளிதில் உரிமையாக்கி மறந்துவிடுகின்றோம்.

நன்றி சொல்ல ஒன்றுமே தோன்றாத நாளும் வரும். அன்று கண்ணீரையே இறைவன்முன் வையுங்கள். அவர் அதனையும் செபமாக ஏற்றுக்கொள்வார்.

அந்தத் தாயின் வீட்டுக்குப் பின்னர் ஒருநாள் சென்று, அவசரமாகக் கூறிய பதிலுக்கு மன்னிப்புக் கேட்டேன். மகனின் படத்துக்கு முன்னே மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மகனைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன். புறப்படும் வேளையில் அவர் சொன்னார்: “பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு நாளும் தண்ணி அள்ளித் தாறவள் சுவாமி. இண்டைக்கு அவளுக்காக ஒரு செபம் சொன்னனான்.”

அவருடைய துயரம் தீரவில்லை. ஆயினும் அந்த ஒரு வாளித் தண்ணீரில் கொடுத்தவரைக் கண்டு, அவர் ஆண்டவரிடம் திரும்பி வந்துவிட்டார். நாமும் இன்றிரவே திரும்பி வருவோம்.