ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(கணிப்பொறிக் கணக்குகளின் காவல்)

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வெள்ளத்தோடு போய்விடும் பொருளுக்கே அளவு தெரிய வேண்டுமென்றால், பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளுக்கு எத்துணைக் கவனம் வேண்டும்! ஒரு காலத்தில் மளிகைக் கடை முதல் வங்கி வரை எங்கும் நீண்ட பேரேடுகள் இருந்தன. இன்று அவற்றின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது. “கணிப்பொறி சொல்லிவிட்டது, இனிப் பேச்சுக்கு இடமில்லை” என்று பெரியவர்களே சொல்லக் கேட்கிறோம். ஆனால் கணிப்பொறி தானாக உண்மை பேசுவதில்லை. அதற்குள் எதை இட்டோமோ அதையே திருப்பித் தருகிறது. அது உண்மையையே தருமாறு செய்வதற்கென்று சில ஏற்பாடுகள் உண்டு. அவற்றை அகக் கட்டுப்பாடுகள் என்பர். மேல்நிலை வகுப்பில் வணிகவியல் பிரிவில் சேர எண்ணியிருக்கும் மாணவியருக்கு மட்டுமன்றி, வங்கியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் இவை பயன்படும் என்பதால் இங்கே காண்போம்.

இரண்டு குணங்கள்

நல்ல கணக்குக்கு இரண்டு குணங்கள் வேண்டும். முதலாவது பிறழாமை. எது நடந்ததோ அதுவே எழுதப்பட வேண்டும். எழுதியதை எவரும் மறைவாகத் திருத்த முடியாதிருக்க வேண்டும். இரண்டாவது, வேண்டும்பொழுது கிடைத்தல். மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டிய நேரத்தில் “கணிப்பொறி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்” என்று வங்கி கூறினால், சேமித்த பணம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

பிறழாமையைக் காக்கும் முயற்சி கணிப்பொறிக்கு மிகவும் முந்தியது. 1494-ஆம் ஆண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஒரு கணித நூலை வெளியிட்டார். வெனிஸ் வணிகர்கள் முன்பே கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையை அதன் ஒரு பகுதியில் விளக்கினார். இம்முறையில் ஒவ்வொரு நடவடிக்கையும் ஓரிடத்தில் பற்றாகவும் மற்றோரிடத்தில் வரவாகவும் எழுதப்படும். ஆகவே முடிவில் இரு பக்கக் கூட்டுத்தொகைகளும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை உண்டு என்பது உடனே தெரிந்துவிடும்.

ஒன்பதின் விந்தை

கணக்கு எழுதுவோர் அடிக்கடி செய்யும் பிழை, இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவது. 540 என்பதை ஒரு பக்கத்தில் 450 என்று எழுதிவிட்டால் இரு பக்கங்களுக்கும் 90 ரூபாய் வேறுபாடு வரும். 72-ஐ 27 என்று எழுதினால் வேறுபாடு 45. இரண்டும் 9-ஆல் வகுபடுவதைப் பாருங்கள். இதன் காரணத்தை நம் இயற்கணிதமே கூறும். பத்தாமிடத்து இலக்கம் அ, ஒன்றாமிடத்து இலக்கம் ஆ எனக் கொண்டால், (10அ + ஆ) − (10ஆ + அ) = 9(அ − ஆ). எனவே வேறுபாடு 9-ஆல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேடத் தொடங்குவது கணக்கர்களின் பழைய வழக்கம்.

ஆயினும் இரு பக்கமும் சமமாக இருப்பது மட்டும் போதாது. ஒருவர் செலுத்திய பணத்தை வேறொருவர் கணக்கில் வரவு வைத்தாலும் கூட்டுத்தொகை சமமாகவே இருக்கும். இதனைத் தடுக்கக் கணக்கு எண்ணின் இறுதியில் ஒரு சோதனை இலக்கத்தைச் சேர்ப்பதுண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை, வங்கி அட்டை எண்களில் இன்றும் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 4735 என்ற எண்ணைக் கொள்வோம். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். 5 இரட்டித்தால் 10. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 1. 3 அப்படியே இருக்கும். 7 இரட்டித்தால் 14, கூட்டினால் 5. 4 அப்படியே இருக்கும். மொத்தம் 1 + 3 + 5 + 4 = 13. இதை 20 ஆக்க 7 வேண்டும். ஆகவே 47357 என்பதே முழு எண். யாராவது மாற்றி 74357 என்று எழுதினால், 1 + 3 + 8 + 7 + 7 = 26 வரும். 26 என்பது 10-ஆல் வகுபடாது. உடனே கணிப்பொறி அந்த எண்ணை ஏற்க மறுத்துவிடும். நமது ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமும் வேறொரு முறையில் கணக்கிடப்பட்ட சோதனை இலக்கமே.

ஒரு பூட்டு, இரண்டு சாவி

அறியாமல் நேரும் பிழைக்கு மேற்கூறியவை மருந்து. வேண்டுமென்றே செய்யும் தவறுக்கு என்ன வழி? வங்கிப் பெட்டக அறையின் சாவிகளை ஒருவரிடமே கொடுப்பதில்லை. இரு அலுவலர் சேர்ந்தால்தான் திறக்க முடியும். கணிப்பொறியிலும் இவ்வாறே ஒருவர் பதிவு செய்வார். மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பார். பணத்தைக் கையாள்பவர், கணக்கை எழுதுபவர், சரிபார்ப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஒருவரது கடவுச்சொல்லை மற்றொருவருக்குக் கொடுத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிவிடும்.

அடுத்தது, சுவடு. கையால் எழுதிய பேரேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி கோடிட்டுப் புதியதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண்கள் அச்சிடுவதும், வீணான ரசீதைக் கிழித்தெறியாமல் அடையாளமிட்டு வைத்திருப்பதும் இதற்காகவே. நம் நாட்டில் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுமங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் அது செய்யப்பட்ட தேதியுடன் பதிந்துவைக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அந்தச் சுவட்டை நிறுத்திவைக்கவும் இயலாதிருக்க வேண்டும்.

நகல் எங்கே?

வேண்டும்பொழுது கணக்கு கிடைக்க, காப்பு நகல் இன்றியமையாதது. அந்த நகலும் அதே அறையில் இருந்தால், தீயோ வெள்ளமோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். ஆகையால் அதை வேறு ஊரில் வைப்பது நலம். மேலும், அந்த நகலிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது செய்து பார்க்கவும் வேண்டும். ஒரு நாளும் திறந்து பார்க்காத நகல் ஆபத்து வேளையில் கைகொடுக்கும் என்று எப்படி நம்புவது? நம் நாட்டு நிறுமங்கள் தம் கணிப்பொறிக் கணக்கின் நகலை இந்தியாவிலுள்ள கணிப்பொறியில் நாள்தோறும் சேமிக்க வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது.

ஊமையான அச்சுப்பொறி

இக்கட்டுப்பாடுகள் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

முதலாவது, 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு நடந்தது. திருடர்கள் வங்காளதேச மத்திய வங்கியின் கணிப்பொறிகளுக்குள் புகுந்தனர். நியூயார்க்கில் அவ்வங்கி வைத்திருந்த பணத்தை வேறிடங்களுக்கு அனுப்புமாறு, வங்கியே கூறுவது போல 35 கட்டளைகளை அனுப்பினர். மொத்தம் ஏறத்தாழ 95 கோடி டாலர். பண மாற்றங்களை அவ்வப்போது தாளில் அச்சிட்டுத் தரும் அச்சுப்பொறி ஒன்று அவ்வங்கியில் இருந்தது. திருடர்கள் அதையும் ஊமையாக்கிவிட்டனர். வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. பணிக்கு வந்த சிலர், அச்சுப்பொறி வழக்கம்போல் பழுதாகிவிட்டது என்று எண்ணினர். அது மீண்டும் இயங்கி, நியூயார்க்கிலிருந்து வந்திருந்த கேள்விகளை அச்சிட்ட பொழுதுதான் திகைப்பு உண்டாயிற்று. அதற்குள் அமெரிக்காவில் வார விடுமுறை தொடங்கிவிட்டது.

நல்ல வேளையாக 30 கட்டளைகள் நியூயார்க்கில் நிறுத்தப்பட்டன. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலரும் தப்பியது. ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததை இடையிலிருந்த ஒரு வங்கி கவனித்துக் கேள்வி கேட்டதே அதற்குக் காரணம். ஆனால் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு சிறு பகுதியே அவ்வாண்டில் திரும்பியது. ஓர் ஏழை நாட்டு மக்களின் பணம்! ஊமையான அச்சுப்பொறியைக் கண்டவுடனே “ஏன்?” என்று கேட்டிருந்தால் சில மணி நேரமாவது மிஞ்சியிருக்கும் அல்லவா?

கணிப்பொறி சொன்ன பொய்

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் துயரமானது. பிரிட்டனில் அஞ்சலகக் கிளைகளை நடத்துவோருக்காக ‘ஹொரைஸன்’ என்ற கணிப்பொறிக் கணக்கு முறை 1999 முதல் வந்தது. அதன் பிழைகளால், பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் கணிப்பொறி காட்டும் தொகைக்கும் வேறுபாடு தோன்றியது. குறைந்த பணத்தைக் கிளை நடத்துவோரே கட்ட வேண்டும் என்றனர். பலர் வீட்டை விற்றும் கடன் வாங்கியும் கட்டினர். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. தவறு அவர்களுடையதன்று என்பதை நிலைநாட்ட ஆலன் பேட்ஸ் என்பவரின் தலைமையில் 555 பேர் வழக்குத் தொடுத்தனர். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அம்முறையில் பிழைகள் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2024-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது.

இங்கே நாம் மேலே கண்ட கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம். மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள், கிளை நடத்துவோர் அறியாமலே தொலைவிலிருந்து அக்கிளையின் கணக்கை மாற்ற முடிந்தது. ஆகவே எழுதியதை எவரும் மறைவாகத் திருத்தலாகாது என்ற விதி போயிற்று. பிழை எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டிய சுவடு, குற்றம் சாட்டப்பட்டவர் கைக்கு எட்டவில்லை. பணம் குறைந்தது என்று புகார் கூறியதும், அதை விசாரித்ததும், பெரும்பாலானவற்றில் வழக்குத் தொடுத்ததும் அஞ்சலக நிறுவனமே. இரண்டு சாவிகளும் ஒரே கையில் இருந்தன!

நாம் கற்பது

கட்டுப்பாடு என்றால் ஊழியர்களைத் திருடர் என்று சந்தேகிப்பது எனச் சிலர் வருந்துவர். மேற்கண்ட நிகழ்ச்சி வேறொன்றைக் காட்டுகிறது. சரியான கட்டுப்பாடு இருந்திருந்தால் அந்த நேர்மையாளர்கள் தப்பியிருப்பார்கள். “நான் எடுக்கவில்லை” என்று சொல்பவருக்கு அதை மெய்ப்பிக்க வழி தருவதும் கணக்கின் கடமை.

தோழியரே! பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குவோம், அதைப் பத்திரப்படுத்துவோம். பாஸ் புத்தகத்தில் வரவு பதியப்பட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் எவருக்கும் சொல்லாதிருப்போம். வகுப்புச் சுற்றுலாவுக்குப் பணம் திரட்டும்பொழுதுகூட ஒருத்தி பணத்தை வாங்க, மற்றொருத்தி எழுத, மூன்றாமவள் எண்ணிப் பார்க்கட்டும். நாளை நம்மில் சிலர் வங்கியிலும் அலுவலகத்திலும் பணிபுரிவோம். அப்பொழுது கணிப்பொறி ஒன்று சொல்ல, எதிரே நிற்கும் மனிதர் வேறொன்று சொன்னால், இருவர் சொல்லையும் சமமாக வைத்துச் சரிபார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும்.