தட்டுவதா, மாற்றுவதா?

செனாய் வட்டாரத்தில் கார்ப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கூலி மலிவு என்று சிங்கப்பூர்க் கார்கள்கூட எல்லை தாண்டி ஜொகூருக்கு வருவதுண்டு. நெளிந்த கதவோடு வந்து நிற்பவர், “தட்டி எடுத்துடலாமா அண்ணே, இல்ல மாத்தணுமா?” என்று கேட்கிறார். நெளிவின் அகலத்தை வைத்தே பலர் மனத்துக்குள் முடிவு கட்டியிருப்பார்கள். பிசகு அங்கேதான்.

காரின் வெளித்தகடு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு. மழுங்கலான பொருள் மெதுவாக இடித்தால் தகடு வளையுமே தவிர, அதிகம் நீளாது. தாம்பாளம் அகலத்துக்குக் குழி விழுந்தாலும் பின்பக்கமிருந்து தள்ளினால் பெரும்பாலும் பழைய வடிவுக்கு வந்துவிடும். பெயிண்ட் வெடிக்காமல் இருந்தால் கம்பி விட்டு உள்ளிருந்து நெம்பியே எடுத்துவிடலாம். கூரான மூலை குத்தி விரல் நீளத்துக்கு மடிப்பு விழுந்தால் அப்படி முடியாது. அந்த இடத்தில் உலோகம் இழுபட்டு நீண்டு, இறுகியும் போயிருக்கும். வெறுமனே தட்டத் தட்ட இன்னும் நீளும். விரலால் அழுத்தினால் ‘டொப்’பென்று உள்ளே போய் வெளியே வரும். கைதேர்ந்தவர் சிறு வட்டமாகச் சூடேற்றி, ஈரத்துணி வைத்துச் சட்டென்று குளிர்வித்து அதைச் சுருக்குவார். நேரம் பிடிக்கும் வேலை, கூலியும் ஏறும்.

தகடு எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முன் மட்கார்டு பெரும்பாலும் போல்ட்டில் நிற்பது. மைவி, சாகா போன்ற உள்ளூர்க் கார்களுக்கு அது எளிதில் கிடைக்கும். மடிப்போடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள். பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடோ உடலோடு பற்றவைக்கப்பட்டது. அதை மாற்ற வேண்டுமானால் வெட்டி, மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். தொழிற்சாலையில் முக்கியெடுத்த துருத்தடுப்புப் பூச்சு அங்கே போய்விடும். ஜொகூர் மழைக்குத் துரு பிடிக்க அந்த வழி போதும். அதனால் இந்தத் தகட்டை முடிந்தவரை தட்டித்தான் எடுக்க வேண்டும்.

காப்புறுதியிலும் ஒரு கணக்கு உண்டு. ஐந்தாண்டு இழப்பீடு கோராமல் ஓட்டியவருக்கு மலேசியாவில் காப்புறுதிக் கட்டணத்தில் 55 விழுக்காடு கழிவு. தன் தவறால் வாங்கிய சின்ன நெளிவுக்குக் கோரினால் அந்தக் கழிவு போய்விடும்.

சில பட்டறைகளில் தகட்டைச் சரியாகத் தட்டாமல் புட்டியை அப்பி மெழுகிவிடுவார்கள். தடித்த புட்டி நாளாவட்டத்தில் வெடிக்கும். காரை எடுக்கப் போகும்போது சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். எஃகுத் தகட்டில் அது ஒட்டாமல் வழுக்கும் இடத்தைக் காட்டிக் காரணம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.