பொரித்த அன்றே சேவல், பெட்டை அறிதல்

முட்டைக்காகக் கோழி வளர்ப்போரிடம் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல்களே. கொண்டையும் இறகும் வேறுபட்டுத் தோன்றப் பல வாரங்கள் செல்லுமாதலால், அதுவரை சேவற்குஞ்சுகளுக்கு இடும் தீனி நஷ்டமாகிறது. தக்க ஜாதிகளைச் சேர்த்தால், பொரித்த அன்றே அவற்றைப் பிரித்துவிடலாம்.

ரோட் ஐலண்ட் ரெட் என்னும் செந்நிறச் சேவலை, பார்ட் பிளிமத் ராக் என்னும் வரியிறகுப் பெட்டையுடன் சேர்த்தல் வேண்டும். பிறக்கும் குஞ்சுகள் யாவும் கறுத்திருக்கும். உடல் உலர்ந்தபின் நோக்கின், உச்சந்தலையில் வெண்புள்ளி உள்ளவை சேவல்கள், புள்ளியற்றவை பெட்டைகள்.

இதன் காரணம் யாதெனில், இறகில் வரியை உண்டாக்கும் கூறு, பாலை நிர்ணயிக்கும் இஸட் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழையில் அமைந்துள்ளது. சேவலுக்கு இவ்விழை இரண்டு, பெட்டைக்கு ஒன்றே. தாய் தன் ஒற்றை இழையை ஆண் குஞ்சுகளுக்கு மாத்திரம் அளிக்கிறது. பெண் குஞ்சுகள் அதனைத் தந்தையிடமிருந்தே பெறுகின்றன. ஆகவே தாயின் வரி ஆண் குஞ்சுக்குச் செல்லும். பெண் குஞ்சுக்குச் செல்லாது.

வரியிறகுச் சேவலையும் செந்நிறப் பெட்டையையும் மாற்றிச் சேர்த்தால், இருபாற் குஞ்சுகளும் வரியைப் பெறும். கலப்பிற் பிறந்தவற்றையே தம்முள் சேர்த்தாலோ, இருபாலிலும் பாதி வரியுள்ளவை, பாதி வரியற்றவை. புள்ளியைக்கொண்டு பால் அறிய இயலாது. ஆகையால், ஒவ்வொரு முறையும் கலப்பற்ற செந்நிறச் சேவலையும் கலப்பற்ற வரியிறகுப் பெட்டைகளையுமே இனவிருத்திக்குக் கொள்ளுதல் அவசியம்.