சாலை விதிகள், இரு தேசங்கள் – 14: நாள் வசூல்

மொம்பாசா துறைமுகத்தில் சரக்கேற்றும் லாரி கென்யாவையும் உகாண்டாவையும் இடப்பக்கமாகவே ஓடிக் கடந்து, ருவாண்டா எல்லையில் வலப்பக்கத்துக்கு மாறுகிறது. பிரிட்டிஷார் ஆண்ட நாடுகளுக்கு ஒரு பக்கம், பெல்ஜியம் ஆண்ட நாட்டுக்கு மறுபக்கம். ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள அந்த லாரியில், கிகாலிக்குப் போகும் மலைவளைவுகளில் முன்னால் போகிற வண்டியை முந்த நினைக்கிற ஓட்டுநருக்கு எதிரே வருவது சரியாகத் தெரியாது. கண்ணில் உடனே படும் வேற்றுமை இதுதான். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் மற்றவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. சீட் பெல்ட், ஹெல்மெட், குடித்துவிட்டு ஓட்டத் தடை எல்லாம் இரண்டிலும் உண்டு. பயணிகள் வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இரண்டிலும் கட்டாயம். கென்யாவில் 80 கி.மீ., ருவாண்டாவில் 2015 முதல் 60. அப்படியிருக்க, ஒரு நாட்டில் விதி ஊன்றி நிற்பதும் இன்னொன்றில் வந்த வேகத்தில் கரைந்துபோவதும் ஏன்? ஓட்டுநரின் அன்றாட வருமானம் எப்படி நிர்ணயமாகிறது என்று பார்த்தால் இதற்குப் பெருமளவு விடை கிடைக்கும் என்பது என் வாதம்.

கென்யாவிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் அங்கே நடந்தது தெளிவான சோதனை. 2003இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஜான் மிச்சுகி ‘மட்டாட்டு’ எனப்படும் தனியார் வேன்களுக்கு ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். 2004 பிப்ரவரியில் அது அமலானது. ஒவ்வொரு இருக்கைக்கும் பெல்ட், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சீருடை, வண்டியைச் சுற்றி மஞ்சள் பட்டை, இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆள்கூட ஏறக் கூடாது. பாட்டு அதிர, பக்கவாட்டில் நட்சத்திரங்களின் முகம் தீட்டி ஓடிய வண்டிகள் தகுதி பெறாமல் நின்றுவிட, முதல் நாட்களில் நைரோபி மக்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு நடந்தே போனார்கள். விபத்துகள் குறைந்தன. ஆனால் மிச்சுகி வேறு துறைக்கு மாறிய பிறகு பிடி தளர்ந்தது. கருவியை ஏமாற்றும் வித்தையைப் பட்டறைகள் கற்றுக்கொண்டன. இடைவழியில் நின்று பயணிப்போரையும் ஏற்றினார்கள். சோதனைச் சாவடியில் கை மாறும் நோட்டு மீண்டும் வழக்கமானது. 2018இல் அரசு அதே விதிகளைத் தூசி தட்டி எடுத்து மறுபடி அமல்படுத்த வேண்டிவந்தது.

கென்யர்களுக்கு ஒழுங்கு வராது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. மட்டாட்டு ஓட்டுநர் மாலையில் வண்டி உரிமையாளரிடம் ஒரு குறிப்பிட்ட தொகையைக் கட்டியாக வேண்டும். டீசல் போக, அதற்கு மேல் வருவதுதான் அவருக்கும் நடத்துநருக்கும் கூலி. நிறுத்தத்தில் நிற்கும் பத்துப் பேரைப் பின்னால் வரும் வண்டிக்கு விட்டுக்கொடுத்தால் அன்றைய சோறு போச்சு. வேகமும் நெரிசலும் அங்கே பிறக்கின்றன. அதே பணத்திலிருந்துதான் லஞ்சமும் போகிறது. 2014இல் வந்த பயணிகள் வண்டி விதிகள் பணியாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் கேட்டன. நோயின் வேரைச் சரியாகத் தொட்ட விதி அது. ஆனால் சாலையில் நின்று பெல்ட்டைச் சோதிக்கலாம், சம்பளப் பட்டியலை அப்படிச் சோதிக்க முடியாது. உரிமையாளருக்குத் தினமும் தொகை கட்டும் முறை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ருவாண்டாவின் தலைநகரான கிகாலியிலோ 2013 முதல் நகரப் பேருந்துத் தடங்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு சில நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் தரப்பட்டன. பின்னர் கட்டணம் அட்டைக்கு மாறியது. ஏறும்போதே கருவியில் அட்டையைத் தொட்டுவிட வேண்டும், காசு ஓட்டுநர் கையில் படுவதில்லை. ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு வண்டிகள் பாய்வதற்கான தேவை பெரிதும் குறைந்தது. விதி ஊன்றி நிற்பது மற்ற வண்டிகளிலும் தெரிகிறது: மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் பின்னால் ஏறுபவருக்கு ஓட்டுநரே இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டுகிறார். அது இல்லாமல் யாரும் ஏற நினைப்பதில்லை.

இந்த இடத்தில் இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, எண்களைப் பற்றியது. உலகச் சுகாதார அமைப்பின் 2018 அறிக்கையில் லட்சம் பேருக்குச் சாலை மரணம் கென்யாவில் 27.8, ருவாண்டாவில் 29.7. அப்படியானால் ருவாண்டாவைப் புகழ என்ன இருக்கிறது? அவை மாதிரிக் கணக்கில் பிறந்த மதிப்பீடுகள். இரு அரசுகளும் பதிவு செய்த எண்ணிக்கையைப் போல் பல மடங்கு. ஆகவே மொத்த எண்களை அருகருகே வைத்து எந்த நாட்டுக்கும் பட்டம் கொடுக்க நான் தயாரில்லை. ஒரே நாட்டில் ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைத்தான் நம்பிச் சொல்ல முடியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது: ருவாண்டாவின் ஒழுங்கு அச்சத்தால் வந்தது, எதிர்க்குரல் எழ முடியாத ஆட்சியில்தான் அது சாத்தியம். இதில் உண்மை இருக்கிறது. கேமராக்கள் 40 கி.மீ. வேகத்துக்கே அபராதம் போட்டபோது மக்கள் முணுமுணுத்தார்கள். 2021இல் அதிபர் ககாமே தலையிட்ட பிறகே வரம்பு தளர்ந்தது. ஒருவர் சொல்லால் திருந்தும் அமைப்பு, ஒருவர் சொல்லால் கெடவும் கூடும். ஆனால் அச்சம்தான் ஒரே வழி என்பதைக் கென்யாவே பொய்யாக்கியிருக்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹப்யாரிமானா, வில்லியம் ஜாக் ஆகிய இருவரும் மட்டாட்டுகளுக்குள், ‘ஓட்டுநர் தாறுமாறாக ஓட்டினால் வாய் திறந்து கேளுங்கள்’ என்ற பொருளில் ஸ்டிக்கர் ஒட்டச் செய்தார்கள். எந்த வண்டிக்கு ஒட்டுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருந்த ஓட்டுநர்களுக்குக் குலுக்கல் பரிசும் இருந்தது. அவ்வண்டிகளின் காப்பீட்டுக் கோரிக்கைகள் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை குறைந்ததாக 2011இல் வெளியான அவர்கள் ஆய்வு சொல்கிறது. போலீஸ் இல்லை, கேமரா இல்லை. இத்தனை மலிவாக உயிர் காக்கும் வழி வேறு எத்தனை இருக்கும்!

ஓட்டுநரை அவசரப்படுத்தும் பணத்துக்கு எதிராக, பயணியின் குரலும் ஓர் எடையாக நிற்க முடியும் என்பதை இந்த ஸ்டிக்கர் காட்டியது. ஆனால் பேசியவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். மாலையில் அந்தத் தொகையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் உரிமையாளர் இறங்கப்போவதில்லை. அதனால் நைரோபியில் உயிர்கள் நிலையாகக் காப்பாற்றப்பட வேண்டுமானால், உரிமத்தைப் புதுப்பிக்க வரும் உரிமையாளரிடம் வண்டியின் பிரேக்கைச் சோதிப்பதோடு, ஓட்டுநருக்குச் சம்பளம் போட்ட வங்கிக் கணக்கையும் காட்டச் சொல்ல வேண்டும்.