பத்து விரலும் வேலை செய்யட்டும்! - குழந்தைக்கு டைப்பிங் பழக்குவது எப்படி?

ராமநாதபுரம் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களில் ஓலைப்பெட்டி முடையும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வாய் பேரனிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கும். கண் தெருவில் போகிறவர்களைக் கவனிக்கும். விரல்கள் மட்டும் ஓலையை மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே போகும். பாம்பன், தங்கச்சிமடம் கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்கிறவர்களும் அப்படித்தான். ஊசி எந்தக் கண்ணியில் நுழைகிறது என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பதில்லை. கைக்குத் தெரியும்.

அதே வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகிறது? ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு 'கே எங்கே, கே எங்கே' என்று தேடுகிறது. போனில் இரண்டு கட்டை விரலால் மின்னலாக மெசேஜ் அனுப்பும் பிள்ளைதான் இங்கே ஒரு வரி அடிக்கத் திணறுகிறது. எழுத்தைத் தேடி முடிப்பதற்குள், எழுத வந்த விஷயம் மனதைவிட்டுப் போய்விடுகிறது.

பார்க்காமல் டைப் செய்வதும் ஓலை முடைவது மாதிரி ஒரு கைப்பழக்கம்தான். அதை வீட்டிலேயே, பெரிய செலவில்லாமல், குழந்தைக்குப் பழக்கிவிடலாம்.

இந்தக் காலத்தில் டைப்பிங் எதற்கு?

'வாயால் சொன்னால் போனே எழுதிவிடுகிறதே' என்று கேட்கலாம். ஆனால் கல்லூரி புராஜெக்ட், ஆன்லைன் விண்ணப்பம், அலுவலகக் கடிதம், கம்ப்யூட்டர் புரோகிராம் எல்லாம் இன்னும் விசைப்பலகையில்தான் நடக்கின்றன.

தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, அரசுத் தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழும் வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் 'ஹையர்' முடித்தவர்களுக்கே முதல் முன்னுரிமை. கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில், 'புள்ளைங்களாவது கரையில ஒரு வேலையில உட்காரட்டும்' என்று நினைக்கிறவர்களுக்கு இந்தச் சான்றிதழின் மதிப்பு நன்றாகவே தெரியும்.

ஆனால் ஒரு சிக்கல். இன்ஸ்டிடியூட்டில் சேர வசதியான காலம் கோடை விடுமுறை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலமும் அப்போதுதான் வருகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் வருமானம் இருக்காது. அந்த நேரத்தில் ஃபீஸ் கட்டச் சொன்னால் எங்கே போவது? அதனால்தான் அடிப்படையை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. விசைப்படகு நிற்கும் நாட்கள், விசைப்பலகையைத் தொட ஏற்ற நாட்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

கை நீளம் முக்கியம். இடது சுண்டு விரல் ஏ-யிலும், வலது சுண்டு விரல் செமிகோலனிலும் இழுபறி இல்லாமல் உட்கார வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு, எட்டு வயதில் இது வந்துவிடும். அதற்கு முன்பு விளையாட்டாகத் தட்டட்டும், கட்டாயம் வேண்டாம்.

உட்காரும்போது முதுகு நிமிர்ந்திருக்கட்டும். கால் தரையில் படவில்லை என்றால் ஒரு மணைப்பலகையைக் கீழே போடுங்கள். முழங்கையும் விசைப்பலகையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தி வைக்கக் கூடாது.

முதல் பாடம்: விரலுக்கு ஒரு வீடு

விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டையும் தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். இருட்டில்கூட விரல் இடம் கண்டுபிடிப்பதற்காக வைத்த அடையாளம் அது. இடது ஆள்காட்டி விரல் எஃப் மேல், வலது ஆள்காட்டி விரல் ஜே மேல். மற்ற விரல்களை வரிசையாக வையுங்கள். இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப். வலது கைக்கு ஜே, கே, எல், செமிகோலன். இரண்டு கட்டை விரலும் ஸ்பேஸ் பாரில்.

இதுதான் விரல்களின் வீடு. எந்த எழுத்துக்குப் போனாலும், தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். குழந்தைக்கு இந்த ஒரு விதி புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

லோயர் படித்த அம்மாக்களுக்கு 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே' என்ற முதல் பாடம் இன்றும் விரலில் இருக்கும். அதையே பிள்ளைக்கும் கொடுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒரே தாளத்தில் அடிக்க வேண்டும்.

கையை மூடுங்கள்

குழந்தை கீழே குனிந்து பார்க்கத்தான் செய்யும். 'பார்க்காதே' என்று நூறு தடவை சொல்வதைவிட, இரண்டு கையையும் மூடுகிற மாதிரி ஒரு மெல்லிய துண்டைப் போட்டுவிடுங்கள். எழுத்துகளின் இடத்தை ஒரு தாளில் வரைந்து கண்ணெதிரே ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் அந்தப் படத்தைப் பார்க்கட்டும், விரலைப் பார்க்க வேண்டாம்.

தினமும் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் என்பது சரிவராது. முதல் இரண்டு வாரம் நடு வரிசை. அடுத்த இரண்டு வாரம் மேல் வரிசை. பிறகு கீழ் வரிசை. பெரிய எழுத்தும் எண்களும் கடைசியில். பெரிய எழுத்துக்கு ஷிஃப்டை எதிர்க் கையால் அழுத்த வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பழக்குங்கள்.

விளையாட்டு வேண்டுமா? கம்ப்யூட்டரில் 'டக்ஸ் டைப்பிங்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேலிருந்து மீன்கள் விழும். அவற்றில் உள்ள எழுத்தைச் சரியாக அடித்தால் பென்குயின் மீனைச் சாப்பிடும். கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்!

வேகம் குறையும், பயப்படாதீர்கள்

ஏற்கெனவே இரண்டு விரலில் வேகமாகத் தட்டிப் பழகிய பிள்ளைக்குப் பத்து விரல் முறை முதலில் வேகத்தைக் குறைத்துவிடும். 'பழைய மாதிரியே நல்லா வந்துச்சே' என்று அழும். பலர் கைவிடும் இடம் இதுதான். அந்த வாரங்களில் வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். தப்பில்லாமல் ஒரு வரி அடித்தால் பாராட்டுங்கள். தப்பாகப் பழகிய விரலைத் திருத்துவது, புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

தவறு குறைந்த பிறகு வேகத்தைக் கணக்கிடலாம். ஐந்து தட்டுக்கு ஒரு சொல் என்பது கணக்கு. ஐந்து நிமிடத்தில் 300 தட்டு என்றால், நிமிடத்துக்கு 60 தட்டு. அதாவது 12 சொல். ஆங்கில லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் தேவை. வாரம் ஒருமுறை கணக்கிட்டு காலண்டரில் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், போன வாரத்து எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பார்க்காமல் அடிப்பது வேகத்துக்கு உதவுமா என்று அந்தக் காலத்திலேயே ஒரு பந்தயம் நடந்திருக்கிறது. 1888 ஜூலை 25-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிராங்க் மெக்கரின், லூயி டிராப் என்ற இரண்டு பேர் மோதினார்கள். விசைகளைப் பார்க்காமல் அடித்த மெக்கரின்தான் ஜெயித்தார்.

தமிழை மறக்க வேண்டாம்

'அம்மா' என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் பல பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். தமிழை ஆங்கிலத்தில் நினைக்கும் பழக்கம் இது. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகையில் இந்தச் சுற்றுவழி இல்லை. உயிரெழுத்துகள் இடது கையில், பெரும்பாலான மெய்கள் வலது கையில். நடு வரிசையில் வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. இடது ஆள்காட்டி விரல் தடவும் மேட்டில்தான் புள்ளி.

'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். மகரத்தை அடுத்துப் பகரம் வந்தாலும் அப்படியே. அதனால் 'பாம்பன்' என்று எழுத ப, ஆ, ம, ப, ன, புள்ளி என ஆறு தட்டுதான். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை இலக்கண வகுப்பில் புரியாத பிள்ளைக்கு, இங்கே விரலே பாடம் சொல்லிக்கொடுத்துவிடும்.

தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கியவரும் நம் கடலுக்கு அக்கரையில் பிறந்தவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர் சென்ற ஆர்.முத்தையா. நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துகளைச் சில டஜன் விசைகளில் அடக்க, அவர் 'நகரா விசை'களைப் பயன்படுத்தினார். புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினால், புள்ளி அதன் தலையில் போய் உட்காரும். இன்ஸ்டிடியூட்டில் இன்றும் பிள்ளைகள் பழகுவது இந்த முறையைத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வரிசை வேறு, தமிழ் 99 வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் குழம்பும். அரசுத் தேர்வுதான் இலக்கு என்றால் இயந்திர முறை. படிப்புக்கும் சொந்த எழுத்துக்கும் என்றால் தமிழ் 99. எதுவானாலும் ஆங்கிலம் கை படிந்த பிறகு தொடங்கலாம்.

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில்?

உங்கள் போனில் ஓ.டி.ஜி. வசதி இருந்தால், சாதாரண யு.எஸ்.பி. விசைப்பலகையைச் சின்ன இணைப்பான் மூலம் மாட்டிவிடலாம். போனைப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்தால் அதுதான் திரை. உறவினர் வீட்டில் பழுதான கம்ப்யூட்டரின் விசைப்பலகை சும்மா கிடந்தால் வாங்கி வாருங்கள். இணைக்காமலேயே முதல் வாரப் பாடத்தைப் பழகலாம், விரலுக்கு இடம்தான் தெரிய வேண்டும்.

விரல் பழகிய பிறகு இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தால், அடிப்படைக்குச் செலவாகும் மாதங்கள் மிச்சம். பத்தாம் வகுப்பு முடிக்காத குழந்தைகளுக்கு 'பிரீ ஜூனியர்' தேர்வும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பழகிய விரலுக்கு இயந்திரத்தின் விசை கனமாகத் தெரியும். சில நாட்களில் சரியாகிவிடும்.

மூன்று வரிசையும் பழகி முடித்த அன்று ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். துண்டை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் அடிக்கச் சொல்லுங்கள். தப்பில்லாமல் வந்தால் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாமல் இருக்கலாம். பார்க்காமல் வேலை செய்யும் விரலின் அருமை அவருக்கு நன்றாகவே தெரியும்.