வடிகட்டாத வடிகட்டி: மீன்தொட்டியில் நுண்ணுயிர்வழித் தூய்மையாக்கமும் நீரின் தரமும்

ஆய்வுச்சுருக்கம்

மீன்தொட்டியின் உயிர் வடிகட்டி அழுக்கைத் தடுத்து நிறுத்தும் கருவியன்று. கொடிய நஞ்சை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்க் குடியிருப்பாகும். அது எவ்வாறு உருவாகிறது, எவற்றால் குலைகிறது, தமிழில் வழங்கும் இரு சொற்கள் அதனைப் பற்றிய புரிதலை எவ்வாறு மறைக்கின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மீன்தொட்டி, உயிர் வடிகட்டி, நைட்ரேட்டாதல், காரத்தன்மை, அறிவியல் தமிழ்

முன்னுரை

மீன் வளர்ப்போர் பலரும் ஒருமுறையேனும் சந்திக்கும் இழப்பு ஒன்று உண்டு. தொட்டி கலங்கியிருப்பதைக் கண்டு, ஒரு விடுமுறை நாளில் மீன்களை வாளிக்கு மாற்றி, கூழாங்கற்களையும் ஸ்பாஞ்சையும் குழாய்நீரில் நன்கு அலசிப் பிழிந்து, நீர் முழுவதையும் மாற்றுகின்றனர். தொட்டி பளிங்குபோல் விளங்குகிறது. சில நாள்களில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய்திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன; சில இறக்கின்றன. தூய்மை செய்தும் இறந்தனவே என்று வருந்துவோர், அவ்வாறு தூய்மை செய்ததனாலேயே அவை இறந்தன என்பதை உணர்வதில்லை.

இப்பிழைக்குச் சொல்லும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. வடிகட்டி என்றதும் தேநீர் வடிகட்டியே நினைவுக்கு வருகிறது. அதில் தங்குவது சக்கை. சக்கையைத் தட்டிக் கழுவினால் வடிகட்டி மீண்டும் புதிதாகிறது. உயிர் வடிகட்டியிலோ தங்கியிருப்பதே பயன். ஆங்கிலச் சொல்லும் இம்மயக்கத்தை உடையதே. நாம் அதனை மயக்கத்தோடு சேர்த்தே மொழிபெயர்த்துக்கொண்டோம்.

மணற்குழாயில் தொடங்கிய அறிவு

பிரான்சு நாட்டு அறிஞர்களான ஷ்லேசிங், ம்யூன்ட்ஸ் இருவரும் 1877இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே கழிவுநீரை மெல்லச் செலுத்தினர். முதல் இருபது நாள்கள் அளவும் உள்ளே சென்ற அம்மோனியா அப்படியே வெளிவந்தது; அதன்பின் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியபோது அம்மாற்றம் நின்றது. மணலும் சுண்ணாம்பும் செய்த வேலையாயின் ஆவியால் அது நின்றிராது. செய்தது உயிர் என்பது தெளிவாயிற்று. அந்தக் காத்திருப்புக் காலமே இன்று புதிய தொட்டி வைப்போர் அனுபவிக்கும் நான்கு முதல் ஆறு வார இடைவெளி. 1890இல் வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைத் தனிமைப்படுத்தி, ஒரு சாரார் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் மற்றொரு சாரார் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவதைக் காட்டினார்.

நம் பாடநூல்கள் இவ்விரு சாராரை நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் எனப் பெயரிட்டு நிறுத்திக்கொள்கின்றன. மீன்தொட்டியைப் பொறுத்தவரை இது திருத்தத்திற்குரியது. 1998இல் வெளிவந்த ஆய்வு, நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா வகையே என்று காட்டியது. 2011ஆம் ஆண்டு ஆய்வு, பல நன்னீர்த் தொட்டிகளில் அம்மோனியாவை மாற்றுவதில் ஆர்க்கியா எனப்படும் தொல் நுண்ணுயிரிகளே மிகுதி என்றது. 2015இல் இரு படிகளையும் ஒரே உயிரி தனித்துச் செய்வது கண்டறியப்பட்டது. அவ்வகை உயிரிகள் கிடைத்த இடங்களுள் ஒன்று மீன்வளர்ப்பு அமைப்பொன்றின் உயிர் வடிகட்டி.

பெயர்கள் மாறினும் இவற்றின் இயல்பு ஒன்றே. இவை நீரில் மிதப்பன அல்ல. பரப்புகளில் உயிர்ப்படலமாக ஒட்டி வாழ்வன. மிக மெதுவாகப் பெருகுவன. ஈ.கோலை தக்க சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும்; இவற்றுக்குப் பல மணி நேரமோ ஒரு நாளுக்கு மேலோ வேண்டும். ஆகவே, நீரை மாற்றுவதால் இவை பெரிதும் குறைவதில்லை. ஸ்பாஞ்சைக் குழாய்நீரில் பிழிவதால் குறைகின்றன, மீள்வதற்கு வாரங்கள் ஆகின்றன. 'உயிர்ப்படுகை' என்னும் பெயர் இவ்வியல்புக்குப் பொருந்தும் என்பது கட்டுரையாளரின் துணிபு.

அளவு ஒன்று, நஞ்சு வேறு

மீன்கள் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக வெளியேற்றுகின்றன. நீரில் அது அம்மோனியா, அம்மோனியம் என்னும் இரு வடிவில் நிற்கிறது, கொடியது முன்னது. 25 பாகை செல்சியசில், பி.எச். 7 ஆயின் மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 விழுக்காடும், பி.எச். 8 ஆயின் 5 விழுக்காட்டிற்கு மேலும் நச்சு வடிவில் இருக்கும். சோதனைப் பெட்டி காட்டும் ஒரே எண், ஒரு தொட்டியில் பொறுக்கத்தக்கதாகவும் மற்றொன்றில் உயிர்கொல்வதாகவும் அமைவது இதனால்தான். அடுத்து வரும் நைட்ரைட், குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏற்கவியலாத வடிவமாக்குகிறது. நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் புகுவதைக் குறைப்பதால், சிறிதளவு உப்பிடும் வழக்கம் இங்கு அறிவியல் அடிப்படை உடையது.

'காரத்தன்மை' என்னும் இருபொருட் சொல்

தமிழில் காரத்தன்மை என்பது பி.எச். 7க்கு மேற்பட்ட நிலையையும் குறிக்கிறது. அமிலத்தை ஏற்று நடுநிலையாக்கும் கார்பனேட், பைகார்பனேட் இருப்பையும் குறிக்கிறது. முன்னது நீரின் அப்போதைய நிலை. பின்னது அதன் கையிருப்பு. மீன்தொட்டியில் உயிர்காப்பது பின்னதே. தாங்கல் கரைசல் என்னும் வழக்கையொட்டி இதனைத் 'தாங்கல் இருப்பு' எனப் பிரித்து வழங்கலாம்.

1 கிராம் அம்மோனியா-நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7.1 கிராம் தாங்கல் இருப்பும் செலவாகின்றன. அதாவது வடிகட்டி நன்கு இயங்க இயங்க, தன் காலடி மண்ணைத் தானே அரித்துக்கொள்கிறது. கடினநீரை அஞ்சி ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுவோர் தொட்டிகளில் இவ்வரிப்பு விரைவானது, ஏனெனில் அந்நீரில் இருப்பு ஏறத்தாழ இல்லை.

இருப்புத் தீர்ந்தபின் பி.எச். 6க்குக் கீழ் சரிகிறது, நைட்ரேட்டாதல் மந்தமாகிறது, அம்மோனியா சேர்கிறது. அமில நீரில் அது அம்மோனியமாகவே நிற்பதால் மீன்கள் நலமாக இருப்பதுபோல் தோன்றும். அந்நிலையில் ஒருவர் நல்லெண்ணத்துடன் பாதி நீரை அகற்றி, பி.எச். 8 உடைய ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால், எஞ்சிய அம்மோனியத்தின் ஒரு பகுதி உடனே நச்சு வடிவம் பெறுகிறது. புதுநீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கூறப்படும் இறப்புகளுள் சில இத்தகையன. நெடுநாள் கவனியாத தொட்டியில், ஒவ்வொரு நாளும் சிறிதளவாக நீர் மாற்றுவதே தக்கது.

பேணுமுறை

ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிதல் வேண்டும். கற்களையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் தொடலாகாது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் வேண்டும் என்கிறது. நமக்குக் காப்பாக அமைவது படுகைக்கும் செவுளுக்கும் கேடாவதால், சோடியம் தயோசல்பேட்டால் அதனை நீக்கியே நீர் ஊற்றுதல் வேண்டும். படுகையின் அளவு அதற்குக் கிடைக்கும் அம்மோனியாவின் அளவே ஆதலால், புது மீன்களைச் சிலசிலவாகச் சேர்ப்பது முறை. நோய்க்கு இடும் மெத்திலீன் நீலம் நைட்ரேட்டாதலைத் தடுக்கக்கூடியது. மருத்துவத்திற்குத் தனித்தொட்டி நன்று.

மின்வெட்டு தனியே கருதத்தக்கது. மூடிய கலவகை வடிகட்டியில் ஓட்டம் நின்றதும் உள்ளிருக்கும் ஆக்சிஜனைப் படலமே தீர்த்துவிடுகிறது. பல மணி நேரத்திற்குப்பின் மின்சாரம் வரும்போது, உள்ளே தேங்கிக் கெட்ட நீர் முழுவதும் தொட்டிக்குள் பாய்கிறது. அந்நீரைக் கொட்டிவிட்டே விசையைப் போடுதல் வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றேற்றி ஒன்றை ஸ்பாஞ்ச் வடிகட்டியோடு இணைத்து வைத்திருப்போர்க்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.