கடலின் முதலும் வட்டியும்

கடல் வற்றுவதில்லை, ஆகையால் கடல் மீனும் குறைவதில்லை என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். அந்நம்பிக்கை பிழையானது என்பதற்குக் கேரளக் கடலின் சாளையே சான்று. மத்தி என்றும் வழங்கும் இம்மீன் 2012ஆம் ஆண்டில் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் கிடைத்தது. 2021ஆம் ஆண்டிலோ 3,297 டன்னே கரை சேர்ந்தது. கடலின் தட்பவெப்பம் மாறியது ஒரு காரணம். அளவின்றிப் பிடித்தது மற்றொரு காரணம்.

மீன்வளம் ஒரு முதல் போன்றது. ஆண்டுதோறும் பிறந்து வளரும் மீனே அதன் வட்டி. வட்டியை உண்பவன் வாழ்வான். முதலையே உண்பவன் வறியவனாவான். அம்முதலைக் காக்கும் வழிகள் மூன்று: காலம், அளவு, இடம்.

முதலில் காலம். 1950களில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில், நார்வே நாட்டின் துணையுடன் விசைப்படகுகள் புகுந்தன. பின்னர் இறாலை நாடி இழுவலைகள் பெருகின. இழுவலை கடலடியை வாரிச் செல்வது. சினை மீனென்றும் குஞ்சென்றும் அது பார்ப்பதில்லை. நாட்டுப் படகு மீனவர்கள் இதனை எதிர்த்துப் போராடினர். அதன் பயனாக 1988ஆம் ஆண்டு முதல், மீன்கள் பல இனம் பெருக்கும் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை விதிக்கப்பட்டது. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை, 52 நாட்கள், அத்தடை நிலவுகிறது. நாட்டுப் படகுகளுக்கு விலக்கு உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கரையிலோ தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையாகும்.

அடுத்தது அளவு. ஒருமுறையேனும் முட்டையிடும் முன்னர் மீனைப் பிடித்தல், விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும். எனவே, 1947இல் மண்டபத்தில் தோன்றி இன்று கொச்சியில் இயங்கும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரைப்படி, கேரள அரசு 58 இனங்களுக்குக் குறைந்த அளவை வகுத்துள்ளது. சாளைக்கு 10 சென்டிமீட்டர். கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர்.

மூன்றாவது இடம். கடலடிப் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். மீன்கள் அங்கே இரை தேடி ஒதுங்கும். திருவனந்தபுரத்து மீனவர்கள், கரையிலுள்ள குன்றையும் கோபுரத்தையும் கண்ணால் நேர்ப்படுத்தியே கடல் நடுவிலுள்ள பாரை அறிவர். அவ்வியற்கைக்குத் துணையாக, பொழியூர் முதல் வர்க்கலை வரையுள்ள 42 மீனவ ஊர்களை ஒட்டிய கடலில் 6,300 கான்கிரீட் அமைப்புகளை இறக்கும் திட்டம் 2023இல் விழிஞ்ஞத்தில் தொடங்கியது. இச்செயற்கைப் பார்களில் பாசியும் சிப்பியும் படரும். அவற்றை நாடி மீனும் வரும்.

இக்காவலுக்கு விலையும் உண்டு. தடை நாட்களில் விசைப்படகுத் தொழிலாளி கூலி இழக்கிறான். அரசு தரும் இலவச அரிசி அவ்விழப்பு முழுவதையும் ஈடு செய்யாது. நாளைய மீனுக்காக இன்று பட்டினி கிடக்கும் சுமையை அவன் ஒருவன் தோளில் மட்டும் ஏற்றுதல் நியாயமன்று.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முணுமுணுக்காதிருப்போம். விரல் நீளமும் இல்லாத சாளைக் குஞ்சைச் சந்தையில் கண்டால், மலிவென்று வாங்காது விலக்குவோம். வாங்குவோர் இல்லையெனில் வலையும் அதனை நாடாது.